பந்தலுக்கு முன்னே பாடம்!

தம்பி!

சென்ற திங்கள் ஒரு தோழர் என்னைத் தேடி வந்தார். பஞ்சாலைத் தொழிலாளி. கிளைச் செயலாளர். கொடியேற்றமா, சுவரெழுத்தா, ஊர்வலமா, எதற்கும் முதல் ஆளாக நிற்பவர். கையிலே தாம்பூலத் தட்டு, தட்டிலே அழைப்பிதழ். பிரித்துப் பார்த்தேன். பொன்னெழுத்திலே "பூப்புனித நீராட்டு விழா" என்றிருந்தது.

"அண்ணே! மகள் பெரியவளாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை விழா. நீங்கள் வந்து நாலு வார்த்தை பேசினால்தான் எனக்குப் பெருமை" என்றார்.

எனக்கோ சங்கடம். இப்படிப்பட்ட விழாவிலே எதைப் பேசுவது? ஆனாலும் அழைப்பவர் தோழர். மறுத்தால் மனம் நோவார். சென்றேன்.

தெருமுனையிலே வரவேற்றது ஆளுயரப் பதாகை. அதிலே அந்தச் சின்னஞ்சிறு பெண்ணின் படம், பட்டுடுத்தி, பூச்சூடி. அவளைச் சுற்றிலும் தலைவர்களின் படங்கள். ஒலிபெருக்கி அலறிற்று. தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகள் நூற்றுக்குமேல். பிரியாணி மணந்தது. பந்தலுக்கு நடுவே நாற்காலியிலே அந்தப் பெண், பன்னிரண்டு வயது. தலையைத் தூக்கவே இல்லை. ஊர் முழுவதும் தன் உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறது என்பதை அறிந்துகொண்ட குழந்தை எப்படி உட்கார்ந்திருக்குமோ அப்படி உட்கார்ந்திருந்தாள்.

தோழரைத் தனியே அழைத்துக் கேட்டேன்: "அன்றைய தினம் நடந்தது என்ன என்பது குழந்தைக்கு முன்பே தெரியுமா? யாராவது சொல்லி வைத்திருந்தீர்களா?"

அவர் விழித்தார். "அதெல்லாம் அவள் அம்மாவுக்குத்தான் தெரியும், அண்ணே."

அந்த அம்மையாரைக் கேட்டேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கேண்ணே சொன்னோம்! ரெண்டு நாள் யாருக்கும் தெரியாம மறைச்சிருக்கா. தானே அடிபம்புல பாவாடையைத் துவைச்சுத் துவைச்சுக் காயப்போட்டிருக்கா. என்னடின்னு கேட்டப்பதான், 'அம்மா, நான் செத்துப்போயிடுவேனா'ன்னு அழுதா."

கேட்டாயா தம்பி! 'செத்துப்போயிடுவேனா!'

இரண்டு பகலும் இரண்டு இரவும், பன்னிரண்டு வயதுக் குழந்தை, தனக்குச் சாவு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு, அதையும் யாரிடமும் சொல்லப் பயந்துகொண்டு, தன்னந்தனியே தவித்திருக்கிறாள். எங்கே? காட்டிலா? பாலைவனத்திலா? தாயும் தந்தையும் பாட்டியும் அத்தையும் நிறைந்த வீட்டிலே! பெண் விடுதலை பற்றி மேடையிலே மணிக்கணக்கில் பேசும் தோழரின் வீட்டிலே!

விழாவுக்குச் செலவு இரண்டு இலட்சம் என்றார். கடன்தான். இரண்டு இலட்ச ரூபாய்க்கு வழி கண்ட வீட்டிலே இரண்டு நிமிடப் பேச்சுக்கு வழியில்லாமற் போயிற்று. பந்தல் போட ஆள் இருந்தது. பாடம் சொல்ல ஆள் இல்லை. அழைப்பிதழிலே புனிதம், ஆனால் விழா நாள்வரை அவளை உட்கார வைத்திருந்த இடம் திண்ணை ஓரம். தனித் தட்டு, தனிப் பாய், தனிக் குவளை. காகிதத்திலே புனிதம், திண்ணையிலே தீட்டு! இது என்ன நியாயம்?

அந்த ஒரு தோழரைக் குறை கூறி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. இது நம் நாட்டின் கதை. இந்தியாவில் நடைபெற்ற 138 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே அதைப்பற்றிக் கேள்விப்பட்டிருந்த பெண்கள் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் என்பது அதிலே கண்ட முடிவு. மற்றப் பாதிப்பேர்? அடிபம்பு அருகே நின்று அழுத அந்தக் குழந்தையின் கூட்டத்தார்தான்.

இதிலே எனக்கு வியப்பு என்னவென்றால், தமிழ்நாடு இந்தத் துறையிலே பின்தங்கிய நாடல்ல. 2012-இல் 'புதுயுகம்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள ஊரகப் பெண்களுக்கு விலையின்றி நாப்கின் வழங்கும் திட்டம். பின்னர் நகரங்களுக்கும் வந்தது. எந்த ஆட்சி தொடங்கியது என்று கேட்டு முகத்தைச் சுளிக்கும் பழக்கம் எனக்கில்லை. நல்லதை நல்லது என்போம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலே, தமிழ்நாட்டின் இளம்பெண்களில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோர் அந்நாட்களில் துப்புரவான முறைகளைக் கையாளுகிறார்கள் என்று காண்கிறோம். மகிழ்ச்சி! பொருள் வந்துவிட்டது, தம்பி. சொல் வரவில்லை! பஞ்சை வைத்த நாப்கின் பையிலே இருக்கிறது. பயத்தைப் போக்கும் பேச்சு நாவிலே இல்லை.

மருந்துக் கடைக்குப் போய்ப் பார். நம் தோழர்தான் கடையிலே நிற்பார். வீட்டில் சொல்லியனுப்பியிருப்பார்கள். நேராகக் கேட்க நாக்கு எழாது. ஜாடை காட்டுவார். கடைக்காரர் கொலைக் கருவியை மறைப்பதுபோல அதைச் செய்தித்தாளிலே சுற்றி, கறுப்புப் பையிலே போட்டுக் கொடுப்பார். ஒருநாள் பார்த்தேன், சுற்றிய தாள் நம் ஏடு! அதுவும் பெண்ணுரிமை பற்றி நான் எழுதிய பக்கம்! சிரிப்பதா, அழுவதா?

ஏன் இந்த வெட்கம்? சொல்லையே பார். 'மாதவிலக்கு' என்கிறோம், விலக்கு என்றால் தள்ளிவைப்பது. 'தூரம்' என்கிறோம், தொலைவிலே நிறுத்துவது. 'தீட்டு' என்கிறோம், தொடாதே என்பது. தீண்டாமை என்ற சொல்லைக் கேட்டாலே கொதித்தெழுகிற நாம், மாதம் ஐந்து நாள் நம் வீட்டுப் பெண்ணைத் தீண்டாதவளாக்கி வைக்கிறோமே, அது மட்டும் எப்படி வழக்கம் ஆயிற்று?

அந்த வழக்கம் வெறும் வழக்கமாக நின்றுவிடுவதில்லை, உயிரையும் கேட்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததே, நினைவிருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கத்திலே, முதல் மாதவிடாய் கண்ட பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்பதற்காகத் தோப்புக் குடிசையிலே தங்கவைக்கப்பட்டிருந்தாள். இரவிலே புயல் வந்தது. தென்னை சாய்ந்தது. குடிசைமீது விழுந்தது. குழந்தை மாண்டாள். கொன்றது புயலா, தம்பி? புயல் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வந்தது. அவளைக் குடிசைக்கு அனுப்பியது எது?

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்திலே ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்பு மாணவி. பூப்பெய்தியவள் என்பதால் அவளை வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டிலே உட்காரவைத்துத் தேர்வெழுத வைத்தார்கள். படித்தவர்கள் நடத்தும் பள்ளிக்கூடம்! வேதியியலும் உயிரியலும் கற்பிக்கும் இடம்! நாடே கேட்டுக் கொதித்தது. கொதித்தவர்களில் எத்தனை பேர் தம் வீட்டுத் திண்ணையைத் திரும்பிப் பார்த்தார்கள்?

சரி, தீட்டு என்று எதைச் சொல்கிறார்கள்? அதைத் தெரிந்துகொள்வோம். தெரியாததைத்தானே மனிதன் அஞ்சுவான், அஞ்சியதைத்தானே ஒதுக்குவான்.

பெண்ணின் அடிவயிற்றிலே கருப்பை என்ற ஓர் உறுப்பு; அவளது கைப்பிடி அளவுதான். அதன் இருபுறமும் சினைப்பைகள். பருவம் வந்ததும் மாதத்துக்கு ஒரு முட்டை அங்கே முதிர்ந்து வெளிவருகிறது. கரு உண்டானால் தங்குவதற்காக, கருப்பையின் உட்சுவரிலே மென்மையான ஒரு படலம், மெத்தை விரித்ததுபோலத் தடிக்கிறது. விருந்தாளி வரவில்லை, மெத்தை தேவையில்லை. அது கரைந்து குருதியோடு வெளியேறுகிறது. அடுத்த மாதம் புது மெத்தை. இவ்வளவுதான்! அழுக்கும் அல்ல, கெட்ட இரத்தமும் அல்ல, எந்தத் தெய்வத்தின் சாபமும் அல்ல. ஆலையிலே நீ பார்க்கும் எந்த இயந்திரமும் இவ்வளவு ஒழுங்காகத் தன்னைத்தானே துடைத்துப் புதுப்பித்துக் கொள்வதில்லை.

எவ்வளவு இரத்தம் போகும்? குழந்தைக்குப் பார்க்கும்போது குடம் குடமாகத் தோன்றும். உண்மையிலே, ஒரு முறைக்குச் சாதாரணமாக 30 முதல் 40 மில்லி; தேநீர்க் கடைக் குவளையிலே பாதி. எத்தனை நாள்? இரண்டு முதல் ஏழு நாள். எந்த வயதில்? பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று. ஒன்பது வயதிலும் வரலாம், பதினைந்திலும் வரலாம். ஒன்பது வயதிலே வரக்கூடிய ஒன்றைப் பதின்மூன்று வயதிலே சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருப்பது, வெள்ளம் வந்தபிறகு கரை கட்டுவது!

முன்னறிவிப்பு இல்லாமல் அது வருவதுமில்லை. மார்பு வளரத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் மாதவிடாய் வரும். சில மாதங்களுக்கு முன் வெள்ளையாகச் சிறிது படும். உயரம் விறுவிறுவென ஏறும். இயற்கை இத்தனை முறை மணியடிக்கிறது. நாம்தான் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, எட்டு ஒன்பது வயதிலேயே பேச்சைத் தொடங்கு. ஒரே நாளில் சொற்பொழிவு வேண்டாம். குழந்தை என்ன கூட்டத்துக்கா வந்திருக்கிறாள்? சிறிது சிறிதாகச் சொல். "கண்ணு, நீ வளர்கிறாய். ஒருநாள் உன் உள்ளாடையில் இரத்தம் தெரியும். அது காயமல்ல; நோயல்ல; வளர்ச்சி. அம்மாவுக்கும் வந்தது, அத்தைக்கும் வந்தது, உன் டீச்சருக்கும் வந்தது. வந்தவுடன் பயப்படாமல் எங்களிடம் சொல். பள்ளியில் வந்தால் டீச்சரிடம் சொல்." இந்த நாலு வரிதான். இதைச் சொல்லப் பட்டப்படிப்பு வேண்டாம்.

பிறகு செயலிலே காட்டுங்கள். நாப்கினை எப்படிப் பிரிப்பது, எப்படி ஒட்டுவது என்பதைத் தாயோ அக்காளோ முன்கூட்டியே ஒருமுறை செய்துகாட்டட்டும். ஒரு சிறு பையிலே இரண்டு மூன்று நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, சுற்றிப்போடப் பழைய தாள்; இதைப் பள்ளிப் பையிலே பத்து வயது முதலே வைத்துவிடுங்கள். நாலைந்து மணிக்கொருமுறை மாற்றவேண்டும். காகிதத்திலே சுற்றிக் குப்பைக் கூடையிலே போடவேண்டும். கழிப்பறைக்குள் போட்டால் குழாய் அடைக்கும். துணி பயன்படுத்தும் வீடா? தவறில்லை. பருத்தித் துணியாக இருக்கட்டும். சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலிலே காயட்டும். வெட்கப்பட்டுக் கட்டிலுக்கடியிலே இருட்டிலே உலர்த்துகிறார்களே, அங்கேதான் கிருமி குடியேறுகிறது. வெயிலுக்குத் தீட்டுக் கிடையாது!

குளிக்கலாமா? தினமும் குளிக்கவேண்டும். விளையாடலாமா? மனம்போல் விளையாடலாம். பள்ளிக்குப் போகலாமா? போகவேண்டும்! அடிவயிறு வலித்தால் வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். உணவிலே முருங்கைக்கீரை, முட்டை, மீன், கடலை, பயறு தாராளமாக இருக்கட்டும். அந்தக் கணக்கெடுப்பே, இந்தியாவிலே 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தச்சோகை என்கிறது. விழாவன்று உளுந்தங்களியும் நாட்டுக்கோழி முட்டையும் ஊட்டிவிட்டு, மறுமாதம் முதல் அண்ணன் தம்பிகளுக்கு மீந்ததைப் போடுவது எந்த ஊர்ப் பாசம்?

முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நாள் கணக்கு முன்பின்னாக இருக்கும். 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். அதற்காகக் கலங்க வேண்டாம். ஆனால் ஏழு நாளுக்குமேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளே நாப்கின் முழுதும் நனைந்துகொண்டே இருந்தாலோ, வலியால் பள்ளிக்கே போக முடியாவிட்டாலோ, வந்தது மூன்று மாதம் நின்றுபோனாலோ, எட்டு வயதுக்கு முன்பே உடல்மாற்றம் தொடங்கினாலோ, பதினைந்து வயதாகியும் வராவிட்டாலோ, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல். கோயிலுக்கோ குறிகாரனுக்கோ அல்ல, மருத்துவரிடம்.

"அண்ணே! இதெல்லாம் பெண்கள் விவகாரம். அப்பன் எப்படிப் பேசுவது?" என்பாய். கோவைக்காரர் ஒருவரைச் சொல்கிறேன், கேள். அருணாசலம் முருகானந்தம். நெசவாளியின் மகன், தந்தை இறந்தபின் படிப்பை நிறுத்தியவர், பட்டறைத் தொழிலாளி. உன்னைப் போன்றவர்தான். 1998-இல் திருமணம் ஆயிற்று. மனைவி எதையோ மறைத்து எடுத்துப்போவதைக் கண்டார். அது கந்தல் துணி. "ஏன் நாப்கின் வாங்கக்கூடாது?" என்றார். வாங்கினால் வீட்டுப் பாலுக்குப் பணமிராது என்று விடை வந்தது. அன்று தொடங்கிற்று அவர் ஆராய்ச்சி. எத்தனை ஏளனம்! பந்தின் உட்பையிலே விலங்கின் இரத்தத்தை நிரப்பி, தன் உடம்பிலே கட்டிக்கொண்டு சோதித்துப் பார்த்தார். பைத்தியம் என்றது ஊர். மனைவி பிரிந்து சென்றார், தாயும் சென்றார். அவர் விடவில்லை. பஞ்சல்ல, மரக்கூழிலிருந்து வரும் நார்தான் வேண்டியது என்று கண்டுபிடித்து, குறைந்த விலையில் நாப்கின் செய்யும் எளிய இயந்திரத்தை உண்டாக்கினார். பிரிந்தவர் திரும்பினார், ஊர் பாராட்டிற்று, 2016-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. ஒரு தொழிலாளி, ஓர் ஆண், ஊரே சிரித்தபோதும் அந்தப் பொருளை உருவாக்கவே முடிந்தது. உனக்கு உன் மகளிடம் நாலு வரி பேச முடியாதா?

"சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் கெட்டுப்போகாதா?" என்று கேட்பாரும் உண்டு. பசிக்கும் என்று சொன்னதால் குழந்தைக்குப் பசி வந்ததா? பல் விழும் என்று முன்கூட்டியே சொல்கிறோமே, அதனால் யாருடைய பல் கெட்டது? நீ சொல்லாவிட்டால் அவள் அறியாமலா போவாள்? பாதியும் பொய்யுமாக, கிசுகிசுப்பாகவோ கைப்பேசியிலோ அறிவாள்.

அன்று சொல்லித் தரப்படாதவள் வளர்ந்து எங்கே போகிறாள்? ஆலைக்கு வருகிறாள். தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலே, மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்குப் பேரில்லாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியதை 2019-இல் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். இது என்ன மாத்திரை என்று கேட்கும் துணிவு எங்கிருந்து வரும்? தன் உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது என்று பத்து வயதிலே வாயைக் கட்டிவிட்டோமே! மகளுக்குச் சொல்லும் அந்த நாலு வரி, நாளைய தொழிற்சங்கத்துக்கும் வித்து, தம்பி.

மகனுக்கும் சொல். பள்ளியிலே ஒரு பெண்ணின் பாவாடையிலே கறை கண்டால் சிரிப்பவன் யார்? நம் வீட்டுப் பிள்ளைதான். "சிரிக்காதே. உன் மேற்சட்டையைக் கொடு, டீச்சரைக் கூப்பிடு" என்று அவனுக்குச் சொல்லிவைத்தால், ஒரு பள்ளிக்கூடமே மாறும்.

விழாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த மஞ்சள் நீர் எதற்காக வந்தது? "எங்கள் வீட்டிலே மணமுடிக்கப் பெண் தயார்" என்று ஊருக்கு அறிவிக்க! 1929-இல் சாரதா சட்டம் வந்தபோது பெண்ணுக்கு மணவயது 14 என்றார்கள். அதற்கே வைதிகர்கள் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். அதே 1929-இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று முழங்கிற்று. அறுபது ஆண்டு கழித்து, 1989-இல், தமிழ்நாட்டிலே அது சட்டமாயிற்று. இன்று மணவயது 18. ஏழாம் வகுப்பு மாணவி எதற்குத் தயார் என்று பதாகை கட்டுகிறோம்? அவள் தயாராக வேண்டியது எட்டாம் வகுப்புக்கு! உற்றாரை அழைத்து உணவிட ஆசையா? அவள் தேர்விலே வென்ற நாளிலே இடு. அந்த இரண்டு இலட்சத்தை அவள் பெயரிலே வங்கியிலே போடு. அவள் உடம்பின் செய்தியை அவளுக்கே விட்டுவிடு. ஊருக்கு அதிலே என்ன வேலை?

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: பெண்கள் கழிப்பறைக்குக் கதவு உண்டா? கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? குழாயிலே தண்ணீர் வருகிறதா? மூடியுள்ள கூடை உண்டா? நாப்கின் மாதந்தோறும் கைக்கு வருகிறதா? எது இல்லையோ அதற்காக மனு எழுதுங்கள். படிப்பகத்திலே ஒரு ஞாயிறு, ஊர்ச் செவிலியரை அழைத்துத் தாய்மாரையும் பெண்களையும் கூட்டிவைத்துப் பேசச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு தந்தைமாரைக் கூட்டுங்கள். சுவரொட்டி ஒட்டுவதைவிட இது கடினம்தான். ஆனால் மழையிலே கரையாது.

அன்று அந்தப் பந்தலிலே நான் என்ன பேசினேன் என்று கேட்கிறாயா? ஒலிபெருக்கி முன் நின்று, இங்கே எழுதியதிலே கால்பங்கைச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். சில பெரியவர்கள் எழுந்து போனார்கள். பின்வரிசையிலே பெண்கள் அசையாமல் கேட்டார்கள். நாற்காலியிலே இருந்த குழந்தை முதன்முறையாகத் தலை நிமிர்ந்து பார்த்தாள். தோழர் மட்டும் ஒன்றும் பேசவில்லை. என்னை வழியனுப்பும்போதும் பேசவில்லை. கோபித்துக்கொண்டார் போலும் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

நேற்று வந்தார். அவருக்கு இளைய மகள் ஒருத்தி உண்டு, ஒன்பது வயது, அன்று பந்தலிலே பலூனோடு ஓடித் திரிந்தவள்.

"அண்ணே, சின்னவளிடம் சொல்லிவிட்டேன். நானும் அவள் அம்மாவும் உட்கார்ந்து, பெரியவளையும் பக்கத்திலே வைத்துக்கொண்டு சொன்னோம். எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது."

"குழந்தை என்ன சொன்னாள்?"

"'அவ்வளவுதானாப்பா?' என்று கேட்டுவிட்டு விளையாட ஓடிவிட்டாள், அண்ணே. பெரியவள்தான் அழுதாள். 'எனக்கு ஏம்ப்பா யாரும் சொல்லல?' என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை."

தம்பி! உன் வீட்டிலும் ஒரு மகள் வளர்கிறாள். நாளை அவள் கேட்கப்போவது 'அவ்வளவுதானாப்பா?' என்ற கேள்வியா, 'ஏம்ப்பா சொல்லல?' என்ற கேள்வியா? இன்று இரவு ஆலைவிட்டு வீடு திரும்பியதும் நீ வாய் திறப்பதைப் பொறுத்தது அது.